அடிபட்ட காரை வாங்கலாமா? பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சொந்தக்காரர்களில் யாராவது பழைய கார் பார்க்கக் கிளம்பினால் முதல் நாள் ராத்திரி எனக்கு போன் வரும். நான் மெக்கானிக் கிடையாது, கார் வியாபாரியும் கிடையாது. ஒரு தடவை நன்றாக ஏமாந்தேன், அதன்பிறகு நிறைய வண்டிகளின் அடியில் படுத்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியை மனதில் வைத்து எழுதியது.

அடிபட்ட வண்டி என்றாலே ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்கினால் உங்களுக்கு வாங்க வண்டியே கிடைக்காது. ஐந்தாறு வருடம் நம் ஊர் ரோட்டில் ஓடிய காரில் பம்பர் உரசாமல், கதவில் ஒரு டென்ட் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். "அடிபட்டதா" என்று கேட்பதை விட்டுவிட்டு "எங்கே அடிபட்டது" என்று கேளுங்கள்.

காரில் போல்ட் போட்டு மாட்டிய பாகங்கள் உண்டு, வெல்டிங் வைத்து ஒட்டிய பாகங்கள் உண்டு. பம்பர், பானட், முன்பக்க ஃபெண்டர், கதவு, டிக்கி மூடி எல்லாம் போல்ட் ரகம். கழற்றிப் புதிது மாட்டினால் வண்டி பழையபடி ஓடும். கதவுகளுக்கு இடையில் ரூஃபைத் தாங்கும் பில்லர், ரூஃப், தரைத்தகடு, இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் ஏப்ரன், அதற்குக் கீழே நீளமாகப் போகும் சேஸிஸ் மெம்பர் எல்லாம் வெல்டிங் ரகம். மோதலின் வேகத்தை சேஸிஸ் மெம்பர் நசுங்கி வாங்கிக்கொள்ள, பில்லர் நசுங்காமல் நின்று உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டும். ஒருமுறை நசுங்கியதைச் சூடுபண்ணி இழுத்து நேராக்கிவிட்டால் பார்வைக்குச் சரியாக இருக்கும், ஆனால் இன்றைய கார்களில் பில்லருக்குப் போடும் உயர்பலத் தகடு சூடு பட்டால் பலத்தை இழந்துவிடும், அடுத்த மோதலில் கம்பெனி கணக்குப் போட்டபடி அது தாங்காது. எனவே போல்ட் ரகத்தில் அடி என்றால் விலை பேசுங்கள். வெல்டிங் ரகத்தில் அடி என்றால், என்னைக் கேட்டால், டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

விளம்பரத்தில் "நான்-ஆக்சிடென்ட்" என்று போட்டிருக்கிறார்களே?

அந்த வார்த்தைக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம். ஏர்பேக் வெடிக்கவில்லை என்றால் ஆக்சிடென்டே இல்லை என்று வாதாடிய ஒருவரை எனக்குத் தெரியும், முன்பக்கம் முழுக்க மாற்றிய வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு! "ஆக்சிடென்ட் ஆனதா" என்று கேட்டால் "சின்ன டச்சப் சார்" என்றுதான் பதில் வரும். "எந்தெந்த பேனல் பெயிண்ட் அடித்தது, எது மாற்றியது, கடைசி இன்சூரன்ஸ் கிளைம் எப்போது" என்று தனித்தனியாக, அதுவும் வாட்ஸாப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பின்னால் சண்டை வந்தால் அதுதான் கையில் இருக்கும்.

அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பர் போட்டால் விபத்து விவரம் வருமா?

வராது. பதிவு தேதி, எத்தனையாவது உரிமையாளர், வண்டி மேல் கடன் உள்ளதா, இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது, கருப்புப் பட்டியலில் உள்ளதா என்பதெல்லாம் வரும். இன்சூரன்ஸ் நடுவில் சில மாதம் விட்டுப்போயிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், வண்டி எங்கேயோ பட்டறையில் கிடந்திருக்கலாம்.

அப்படியென்றால் பழைய கதை எங்கே கிடைக்கும்?

மூன்று இடங்களில் கிடைக்கும், மூன்றும் அரைகுறைதான், சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். உரிமையாளரையே கேட்டு சர்வீஸ் ஹிஸ்டரியை வாங்கித் தரச் சொல்லுங்கள், அவர் கேட்டால் கொடுப்பார்கள். அதில் "பாடி ஷாப்" என்று வரும் வரிகளைத் தேடுங்கள். வருடம் தவறாமல் அங்கேயே சர்வீஸ் விட்ட வண்டி திடீரென்று ஒன்றரை வருடம் அந்தப் பக்கமே போகவில்லை என்றால் அந்த இடைவெளியைப் பற்றிக் கேளுங்கள்.

இரண்டாவது இன்சூரன்ஸ் பாலிசி. இதை யாரும் படிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கிளைம் செய்யாதவருக்குப் புதுப்பிக்கும்போது என்.சி.பி. என்ற தள்ளுபடி வரும்: 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடாவருடம் ஏறும், ஒரு கிளைம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். 2019-இல் புதிதாக வாங்கி ஒரே கையில் இருக்கும் கார், கிளைமே இல்லை என்றால் 2024 பாலிசியில் 50 சதவீதம் இருக்க வேண்டும். அங்கே 20 என்று இருந்தால் 2022-23 வாக்கில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கலாம், விற்பவர் முகத்தையும் பார்க்கலாம். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. என்.சி.பி. உரிமையாளருக்குச் சொந்தம், காருக்கு அல்ல, அதனால் பழைய காரின் தள்ளுபடியை இதற்கு மாற்றியிருக்கலாம். தள்ளுபடியைப் பாதுகாக்கும் கூடுதல் கவர் எடுத்திருக்கலாம். இரண்டாவது உரிமையாளர் என்றால் கணக்கு அவர் வாங்கிய நாளிலிருந்துதான் தொடங்கும். கைக்காசு போட்டு வெளிப் பட்டறையில் வேலை பார்த்திருந்தால் பாலிசியில் எதுவுமே தெரியாது.

மூன்றாவது தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம். வண்டி ஏதாவது வழக்கில் இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். எஃப்.ஐ.ஆர். ஆகாத விபத்து அதில் தலைகாட்டாது, நம் ஊரில் பெரும்பாலான விபத்து அப்படிப்பட்டதுதானே.

நேரில் போனால் எங்கிருந்து தொடங்குவது?

பகலில் போங்கள். ஷெட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாக் காரும் அழகுதான். அப்போதுதான் கழுவி ஈரத்தோடு நிறுத்தியிருந்தால் காயும்வரை காத்திருங்கள், ஈரம் பெயிண்ட் வித்தியாசத்தை மறைத்துவிடும்.

பானட்டைத் திறந்ததும் எல்லோரும் இன்ஜினைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் போல்ட்டைப் பாருங்கள். பானட் கீல், ஃபெண்டர் ஓரம் இரண்டிலும் உள்ள போல்ட் தலைகளில் கம்பெனி பெயிண்ட் முழுசாக இருக்கிறதா, ஸ்பேனர் பட்ட முனை தேய்ந்து உள்ளே இரும்பு தெரிகிறதா? தெரிந்தால் அந்த பாகம் ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. கழன்றதே குற்றம் என்று சொல்லவில்லை, ஏன் என்று கேளுங்கள். அப்புறம் இரண்டு ஏப்ரனையும் ஒப்பிடுங்கள், இடது வலது கண்ணாடி பிம்பம் போல இருக்க வேண்டும். மூட்டுகளில் ஓடும் சீலன்ட், அதாவது நசுங்கிய தகட்டை நிமிர்த்தும் டிங்கர்கள் "பேஸ்டிங்" என்பது, கம்பெனியில் மெஷின் வைத்தது ஒரே தடிமனில் ஓடும். கையால் வைத்ததில் விரல் தடம் தெரியும், நகத்தால் அழுத்தினால் சில சமயம் இன்னும் மெத்தென்று இருக்கும்.

கதவைத் திறந்து ரப்பர் பீடிங்கை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துப் பாருங்கள், திரும்ப அழுத்தினால் உட்கார்ந்துகொள்ளும், விற்பவர் கோபப்பட்டால் பரவாயில்லை. உள்ளே தகட்டின் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் சம இடைவெளியில் வரிசையாகப் போகும், அது கம்பெனியின் ஸ்பாட் வெல்டிங். அந்த வரிசை நடுவில் காணாமல் போனாலோ, பட்டி பூசி வழவழப்பாக இருந்தாலோ, கேஸ் வெல்டிங்கின் கரடுமுரடு தட்டுப்பட்டாலோ அங்கே பில்லரில் வேலை நடந்திருக்கிறது. நான்கு கதவுக்கும் செய்யுங்கள்.

டிக்கியில் பாயைத் தூக்கி ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். பின்னால் வாங்கிய அடி இந்தத் தரையில் மடிப்பு மடிப்பாகத் தெரியும், வெளியே பம்பர் எவ்வளவு பளபளத்தாலும். நான் ஏமாந்தது இங்கேதான். சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, வெள்ளை வெளேரென்று இருந்தது, ஸ்டெப்னியைத் தூக்கச் சோம்பேறித்தனம். முதல் மழையில் டிக்கிக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர். தூக்கிப் பார்த்தால் தரைத்தகடு அப்பளம் போல நெளிந்து, மேலே கறுப்பு பெயிண்ட்.

கண்ணாடிகளின் ஓரத்தில் தயாரிப்பாளர் முத்திரையும் வருடக் குறியீடும் இருக்கும். எல்லாம் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே காலம் என்றால் நல்லது. முன் கண்ணாடி மட்டும் வேறு என்றால் கல் பட்டு உடைந்திருக்கலாம். ஒரே பக்கத்தின் இரண்டு கதவுக் கண்ணாடியும் வேறு என்றால் கல் என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு இன்ச் டேப். சக்கரங்களை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இடது பக்கமும் வலது பக்கமும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் அளப்பதில் வரும் பிசகு. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வந்தால் திரும்ப அளங்கள், திரும்பவும் வந்தால் கிளம்புங்கள்.

பெயிண்ட் மீட்டர் வாங்க வேண்டுமா, காந்தம் போதுமா?

ஒரே ஒரு கார் வாங்கப் போகிறவர் இரவல் வாங்கினால் போதும். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200-க்கு மேல் போனால் மறுபடி அடித்தது, 500, 1000 என்று காட்டினால் அடியில் பட்டி. ஒரு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ரூஃபில் என்ன வருகிறதோ அதோடு மற்ற பேனலை ஒப்பிடுங்கள். ரூஃபிலேயே 300 வந்தால் வண்டி உருண்டதா, அல்லது வெயிலில் பெயிண்ட் உரிந்து மறுபடி அடித்ததா என்று கேட்க வேண்டியிருக்கும். காந்தம் ஏழைகளின் மீட்டர், மெல்லிய துணியில் சுற்றிப் பிடித்தால் பட்டி தடிமனான இடத்தில் ஒட்டாது. பிளாஸ்டிக் பம்பரிலும் ஒட்டாது, அதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள்.

ஏர்பேக் வெடித்த வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில்தான் ஏமாற்று வேலை அதிகம், ஏனென்றால் ஏர்பேக், சீட் பெல்ட் டென்ஷனர், கன்ட்ரோல் யூனிட், டேஷ்போர்டு எல்லாம் புதிதாகப் போட்டால் சின்னக் காரில் கூட பெரிய தொகை ஆகிவிடும். அதனால் மூடியை மட்டும் ஒட்டிவிட்டு உள்ளே ஒன்றுமே வைக்காமல் விற்பவர்கள் உண்டு.

சாவியை ஆன் செய்ததும் (இன்ஜின் ஸ்டார்ட் வேண்டாம்) மீட்டரில் சிவப்பு ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். பக்கத்து விளக்கோடு சேர்ந்து எரிந்து சேர்ந்தே அணைந்தாலும் சந்தேகம்தான், ஒயரை அதோடு இணைத்திருக்கலாம். ஏர்பேக் இருக்கும் இடத்தில் ஒரு ரெசிஸ்டரை மாட்டிக் கணினியையே ஏமாற்றுவதும் நடக்கிறது, அது விளக்கில் தெரியாது. அதனால் ஸ்டீயரிங் நடு மூடியின் நிறமும் சொரசொரப்பும் டேஷ்போர்டோடு ஒத்துப்போகிறதா, பயணி பக்க டேஷ்போர்டில் மடிப்புக் கோடு ஒழுங்காக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் அடியில் தயாரிப்பு தேதியோடு லேபிள் இருக்கும். 2018 வண்டியில் 2021 பெல்ட் என்றால் கதை இருக்கிறது. சந்தேகம் தீரவில்லையா, ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். யூனிட்டை மாற்றாமலோ அழிக்காமலோ விட்டிருந்தால் மோதல் பதிவு அதில் இருக்கும்.

2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம், 2022 முதல் முன்னிருக்கைப் பயணிக்கும். அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் ஏர்பேக்கே இல்லாமல் வந்தவை நிறைய, அங்கே விளக்கைத் தேடி அலைய வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது?

பாட்டை நிறுத்துங்கள். நேரான ரோட்டில் 60-இல் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறதா என்று பாருங்கள். யாரையாவது பின்னால் பைக்கில் வரச் சொன்னால் இன்னும் நல்லது, பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் போகாமல் நண்டு போலச் சாய்ந்து போகிற வண்டி பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும். அப்படியே ஒரு அலைன்மென்ட் கடைக்குள் விட்டு பிரின்ட் எடுங்கள், சில நூறு ரூபாய்தான். அதில் சக்கரம் நிற்கும் கோணங்கள் மூன்று இருக்கும்: டோ, கேம்பர், கேஸ்டர். டோ என்பது சரிசெய்யக்கூடியது, சிவப்பில் இருந்தாலும் கவலை இல்லை. கேம்பர், கேஸ்டர் ஒரு பக்கம் மட்டும் வெளியே நின்றால் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டோ, அடியில் உள்ள சப்ஃபிரேம் சட்டமோ வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாமா?

இன்ஜினுக்கு மெக்கானிக். அடிபட்ட வண்டிக்கு டிங்கர். வாழ்நாள் முழுக்க நசுங்கியதை நிமிர்த்தி மறைப்பதே வேலையாக இருப்பவருக்கு, இன்னொருவர் மறைத்தது கண்ணில் படாமல் போகுமா? எங்கள் ஊர் டிங்கர் அண்ணனை ஒருமுறை கூட்டிப்போனேன். வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை, தலைப்பக்கம் குனிந்து ஹெட்லைட்டுக்கும் பானட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் விரலை விட்டார். "தம்பி, இந்தப் பக்கம் என் விரல் போகுது, அந்தப் பக்கம் நகம்தான் போகுது. வாங்க, கிளம்பலாம்." ஒரு நாள் கூலி கொடுத்தேன், லட்சத்துக்கு மேல் மிச்சம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் இதே கணக்கா?

அதைவிட மோசம். தகட்டு அடி ஒரு இடத்தில் இருக்கும், தண்ணீர் ஒயர் முழுக்கப் போகும், எட்டு மாதம் கழித்து பவர் விண்டோ தானாக இறங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சம் இல்லை, சரிசெய்யப்பட்டவை எந்த ஊர் சந்தைக்கும் வந்திருக்கலாம். சீட் அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு, கார்ப்பெட் அடியில் நமுத்த வாசனை, இவற்றைப் பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. இல்லாமல் பத்து நிமிடம் உட்காருங்கள், உண்மை தானாக மூக்குக்கு வரும்.

"டோட்டல் லாஸ்" வண்டி மலிவாக வருகிறதே?

பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை முழு இழப்பாகக் கணக்கிடும். ஐ.டி.வி. 5 லட்சம் என்றால் 3.75 லட்சத்துக்கு மேல். பணத்தை உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டு நொறுங்கிய வண்டியை ஏலத்தில் விட்டுவிடுவார்கள். 3.75 லட்சத்துக்கு மேல் செலவாகும் என்று சொல்லப்பட்ட வண்டியை ஒருவர் வாங்கி, நிமிர்த்தி, லாபமும் வைத்து 3 லட்சத்துக்கு உங்களிடம் விற்கிறார் என்றால் எந்தெந்த வேலையைச் செய்யாமல் விட்டிருப்பார் என்று யோசியுங்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு: நொறுங்கிய வண்டியின் ஆர்.சி.யையும் சேஸிஸ் எண்ணையும் எடுத்துத் திருட்டு வண்டிக்குப் போடும் கும்பல்கள் உண்டு. சேஸிஸ் எண் உள்ள தகட்டைச் சுற்றி வெல்டிங் தடமோ, எழுத்துகள் ஏற்ற இறக்கமாகவோ இருந்தால் விலையே பேசாதீர்கள்.

விபத்து வழக்கு நடக்கும் வண்டி என்றால்?

ஆளுக்கு அடிபட்டு எஃப்.ஐ.ஆர். ஆன வண்டி பெரும்பாலும் நீதிமன்றத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்து வெளியே வந்திருக்கும், விற்கக்கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. வழக்கு முடிந்த ஆவணம் கைக்கு வராமல் அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு குறைத்துக் கேட்பது?

இதற்கு அட்டவணை கிடையாது, என் வழக்கத்தைச் சொல்கிறேன். பம்பர், ஃபெண்டர் பெயிண்ட் என்றால் சந்தை விலையில் கையே வைக்க மாட்டேன். பானட், ரேடியேட்டர், ஹெட்லைட் வரை மாற்றி, பில்லும் போட்டோவும் இருந்தால் ஒரு பத்து சதவீதம் குறைத்துக் கேட்பேன். பில் இல்லை என்றால் பதினைந்து, இருபது. இந்தக் குறைப்பு உங்கள் சாமர்த்தியத்துக்குப் பரிசு என்று நினைக்காதீர்கள், நாளை நீங்கள் விற்கும்போது அடுத்தவரும் இதே குறையைக் காட்டி இதே தொகையைக் குறைப்பார்.

கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கும் கடையில் வாங்குவதா, நேராக உரிமையாளரிடமா?

உரிமையாளரிடம் வாங்கினால் கதை கிடைக்கும், கன்சல்டிங்கில் வாங்கினால் கடை கிடைக்கும், அதாவது பிரச்சினை என்றால் போய்க் கேட்க ஒரு கதவு. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி விற்பவர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும், உரிமையாளர் வண்டியை அவர்களிடம் ஒப்படைப்பதும் படிவம் 29சி மூலம் பதிவாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெறும் கையெழுத்து போட்ட படிவம் 29, 30-ஐ, அதாவது பெயர் மாற்றும் படிவங்களைக் காட்டி "எல்லாம் ரெடி சார்" என்பதோடு திருப்தி அடையாதீர்கள். ரசீதில் "எந்த நிலையில் உள்ளதோ அந்த நிலையில்" என்று ஒரு வரி இருந்தால் அதற்குப் பக்கத்திலேயே அவர் வாயால் சொன்ன "ஆக்சிடென்ட் இல்லை" என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

வாங்கிய பிறகு இன்சூரன்ஸ் தானாக என் பெயருக்கு வருமா?

மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு வரும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பகுதி வராது, 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் விட்டு, மூன்றாவது மாதம் இடித்துக்கொண்டால் கிளைம் நிராகரிக்கப்படும்.

வாங்கிவிட்டேன், இப்போதுதான் தெரிந்தது. ஏதாவது செய்ய முடியுமா?

முதலில் சரிசெய்யாதீர்கள். கோபத்தில் உடனே பட்டறையில் விட்டு நிமிர்த்திவிட்டால் ஆதாரமும் நிமிர்ந்துவிடும். போட்டோ எடுங்கள், சர்வீஸ் சென்டரில் எழுத்து மூலம் அறிக்கை வாங்குங்கள், விற்றவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள்.

விற்றது வியாபாரி என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேதான், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தனிநபரிடம் வாங்கியிருந்தால் அந்த வழி அடைபடும், ஒப்பந்தச் சட்டப்படி சிவில் வழக்குதான். அங்கே எதிர்த்தரப்பு முதலில் கேட்கப்போவது, "சாதாரணமாகப் பார்த்தாலே தெரிந்திருக்குமே, ஏன் பார்க்கவில்லை?" வாட்ஸாப்பில் கேட்டு வைக்கச் சொன்னது இதற்காகத்தான். என் டாக்டர் வண்டியில் எல்லாமே வாய்ப்பேச்சு. வக்கீல் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்றார்.

நான் விற்கும்போது அடிபட்டதைச் சொல்ல வேண்டுமா?

நான் சொன்னேன். டிக்கியில் இருந்து பாயை நானே தூக்கிக் காட்டினேன். பார்த்த மூன்று பேரில் இரண்டு பேர் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள், காய்கறி வியாபாரி, குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, "மூட்டை வைக்கிற இடம்தானே, எவ்வளவு குறைப்பீங்க?" என்றார். முப்பதாயிரம் குறைத்தேன். வண்டி இன்னும் ஓடுகிறது, சந்தைப் பக்கம் போனால் பார்ப்பேன்.